சுண்டலுக்கும் ஒரு விசா

இது கொஞ்சம் நீளமான திரெட். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

போன வாரம் எங்க நாய் பனியில மூக்கை விட்டுத் தோண்டிக்கிட்டு இருக்குற போட்டோ ஒண்ணு போட்டேன். "டாக்டர், இது நம்ம ஊர் நாய் மாதிரியே இருக்கே?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். மாதிரி எல்லாம் இல்லை சார், நம்ம ஊர் நாயேதான். திருச்சி உறையூர். பேரு சுண்டல். 2020 லாக்டவுன்ல ஆஸ்பத்திரி பைக் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, உள்ளங்கை அளவுக்கு, சொறி பிடிச்சுக் கிடந்துச்சு. பிபிஇ கிட்டைக் கழட்டிட்டு வெளிய வந்த நான் தூக்கிட்டு வீட்டுக்குப் போனேன். இப்போ இங்கிலாந்துல லீட்ஸ் பக்கத்துல ரேடியேட்டருக்குக் கீழ குறட்டை விட்டுத் தூங்குது.

அந்தப் போட்டோவுக்கு அப்புறம் இன்பாக்ஸ் நிறைஞ்சு போச்சு. பாதிப் பேர் கேட்டது விசா பத்தி. மீதிப் பேர், "நாங்களும் குடும்பத்தோட கிளம்புறோம், நாயை என்ன பண்றது, பூனையை என்ன பண்றது"ன்னு. தனித்தனியா பதில் சொல்ல முடியல. அதனால நாங்க செஞ்சது, சொதப்பினது, ரெண்டையும் இங்கேயே எழுதிடுறேன்.

முதல்ல ஒரு கணக்கு. மத்ததை மறந்தாலும் இதை மட்டும் குறிச்சு வச்சுக்கோங்க.

இந்தியாவுல இருந்து ஒரு நாயோ பூனையோ பிரிட்டனுக்கு வரணும்னா வரிசை இது: மைக்ரோசிப், அதுக்கப்புறம் ரேபிஸ் தடுப்பூசி (சிப் போட்ட அதே நாள்லயும் போடலாம்). ஊசி போட்டு குறைஞ்சது 30 நாள் கழிச்சு ரத்தம் எடுக்கணும். அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துல அந்த ரத்தத்துல எதிர்ப்பாற்றல் 0.5 ஐயூ அல்லது அதுக்கு மேல இருக்கணும். ரத்தம் எடுத்த தேதியில இருந்து மூணு மாசம் காத்திருக்கணும். அதுக்குப் பிறகுதான் விமானம். கூட்டிப் பாருங்க. எல்லாம் ஒழுங்கா நடந்தாலே நாலு மாசம்.

இப்போ மனுஷன் கணக்கு. வேலை உறுதியாகி, ஆஸ்பத்திரி ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் கொடுத்துட்டா மூணு மாசத்துக்குள்ள விசாவுக்கு விண்ணப்பிக்கணும். வெளிநாட்டுல இருந்து விண்ணப்பிச்சா பெரும்பாலும் மூணு வாரத்துல முடிவு வந்துடும். அங்க ஆள் பற்றாக்குறை, அதனால "எப்போ வர்றீங்க, எப்போ வர்றீங்க"ன்னு மெயில் மேல மெயில்.

அதாவது மனுஷனோட விசா மூணு மாசத்துக்குள்ள முடிஞ்சுடும், நாயோட காகிதம் நாலு மாசத்துக்கு முன்னாடி முடியாது. வேலை கிடைச்சதுக்கு அப்புறம் நாயைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சா தோத்துட்டீங்கன்னு அர்த்தம். நாங்க தோத்தோம்.

எப்படின்னு சொல்றேன். நான் மயக்கவியல் டாக்டர். பிளாப் முதல் பகுதி சென்னையிலேயே எழுதினேன், ரெண்டாவது பகுதி மான்செஸ்டர் போய் முடிச்சேன். ஆங்கிலத்துக்கு ஓஇடி, சான்றிதழ் சரிபார்ப்பு, ஜிஎம்சி பதிவுன்னு ஒன்றரை வருஷம் ஒரு ஃபைலோடயே குடித்தனம் நடத்தினேன். அந்த ஃபைல்ல என் பொண்ணோட பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், காசநோய்ப் பரிசோதனை எல்லாத்துக்கும் தனித்தனி உறை. சுண்டலுக்குன்னு ஒரு உறை கிடையாது. "அதுக்கென்ன, வருஷா வருஷம் ஊசி போடுறோமே"ங்கிற நினைப்பு.

2022 அக்டோபர்ல வேலை உறுதியாச்சு. ஜனவரியில சேரணும். கால்நடை டாக்டர்கிட்ட சுண்டலோட தடுப்பூசிப் புத்தகத்தைப் பெருமையா நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துட்டு, "மேடம், சிப் எங்க?"ன்னார்.

சிப் இல்லை. சிப் இல்லைன்னா, அந்தப் புத்தகத்துல இருக்குற ஊசி எல்லாம் இந்த நாய்க்குத்தான் போட்டதுன்னு யாராலும் நிரூபிக்க முடியாது. சட்டப்படி சுண்டலுக்கு ரேபிஸ் ஊசி போட்டதே இல்லைன்னு கணக்கு. எல்லாம் முதல்ல இருந்து. நவம்பர் முதல் வாரம் சிப், அன்னிக்கே ஊசி. டிசம்பர் 10 ரத்தம். அப்போ மார்ச் 10 வரைக்கும் சுண்டல் நகர முடியாது. எனக்கோ ஜனவரியில டியூட்டி.

அந்த 15 இலக்க சிப் நம்பரைப் பத்தியும் ஒரு வார்த்தை. ரத்தம் அனுப்புற படிவத்துல ஒரு இலக்கம் மாத்தி எழுதியிருந்தாங்க. என் பொண்ணு அப்போ நாலாங்கிளாஸ். வீட்டுல படிவத்தோட நகலை வச்சு வாய்ப்பாடு மாதிரி நம்பரை ஒப்பிச்சுக்கிட்டு இருந்தவ, "அம்மா, இது 6, அதுல 8"ன்னா. கூரியர் கிளம்புறதுக்கு முன்னாடி ஓடிப்போய் மாத்தினோம். மாத்தலைன்னா இன்னொரு ரத்தம், இன்னொரு மூணு மாசம். படிவத்தை நீங்களே ஒரு தடவை படிங்க. கூடவே ஒரு பத்து வயசுப் பிள்ளையையும் படிக்கச் சொல்லுங்க.

"ஒரு நாய்க்கு இவ்வளவு கெடுபிடியா? நம்மளை அவமானப்படுத்துறாங்க"ன்னு ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, இந்த ஒரு விஷயத்துல எனக்கு அப்படித் தோணல. ஏன்னு சொல்றேன்.

நான் அரசு ஆஸ்பத்திரியில ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ தனி வார்டுல ஒருத்தரைப் பார்த்தேன். நாற்பது வயசு இருக்கும். வீட்டுல வளர்த்த குட்டி நகத்தால கீறி, லேசா பல்லும் பட்டிருக்கு. கீறல்தானேன்னு மஞ்சளை அப்பிட்டு விட்டுட்டார். ரெண்டு மாசம் கழிச்சு வந்தார். முழு நினைவோட பேசுறார். தாகமா இருக்குன்னு தண்ணி கேக்குறார். டம்ளரைப் பார்த்ததும் தொண்டை இழுத்துக்குது. ஃபேன் காத்து பட்டாலே உடம்பு துள்ளுது. அவர் சம்சாரம் என்கிட்ட "கொஞ்சம் கொஞ்சமா ஸ்பூன்ல கொடுக்கட்டுமா டாக்டர்?"ன்னு கேட்டாங்க. மறுநாள் காலையில அந்தப் படுக்கை காலி. ரேபிஸ் அறிகுறி வெளிய தெரிஞ்சதுக்கு அப்புறம் பிழைக்கிறது ஏறக்குறைய கிடையாது. அறிகுறி வர்றதுக்கு முன்னாடி ஊசி போட்டா சாக வேண்டியதே இல்லை. (கடியோ கீறலோ, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீங்க. எந்தத் திரெட் எழுதினாலும் இதைச் சொல்லாம முடிக்க மாட்டேன், மன்னிச்சுக்கோங்க.)

பிரிட்டன்ல 1922-லயே நாய்கள்கிட்ட இருந்து ரேபிஸை ஒழிச்சுட்டாங்க. அப்புறம் வெளிநாட்டுல இருந்து வர்ற நாய் எதுவா இருந்தாலும் ஆறு மாசம் தனிமைக் கூண்டு. அப்படியிருந்தும் 1969-ல ஜெர்மனியில இருந்து வந்த ஒரு நாய் ஆறு மாசத்தையும் முடிச்சு வீட்டுக்குப் போன பிறகு கேம்பர்லிங்கிற ஊர்ல நோயைக் காட்டி, ரெண்டு பேரைக் கடிச்சுச்சு. அந்தப் பயம் அவங்களுக்கு இன்னும் போகல. நம்ம நாட்டுல இருந்து வர்ற பிராணிகளுக்கு அந்த ஆறு மாசச் சிறை 2012 ஜனவரியிலதான் நீங்குச்சு. அதுக்குப் பதிலா வந்ததுதான் இந்த ரத்தப் பரிசோதனையும் மூணு மாசமும். ரத்தம் எடுத்தப்போ நோய்க்கிருமி ஏற்கனவே உள்ள ஒளிஞ்சிருந்தா, அந்த மூணு மாசத்துல பெரும்பாலும் வெளிய வந்துடும். அதுக்குத்தான் காத்திருப்பு. அந்த மூணு மாசமும் நாய் நம்ம வீட்டுலயே, நம்ம கட்டில் கீழயே இருக்கலாம். பழைய கூண்டுக்கு இது எவ்வளவோ மேல்.

(ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கேட்டவங்களுக்கு: அந்த ரெண்டு நாடும் இந்தியாவுல இருந்து நேரடியா நாய், பூனையை எடுத்துக்கிறதே இல்லை. அவங்க ஒத்துக்கிட்ட வேற நாட்டுல மாசக்கணக்குல இருந்துட்டுத்தான் போகணும். மனுஷங்களுக்கு ஆஸ்திரேலியா புள்ளிக் கணக்குல முந்தினாலும், நாய் இருக்குற வீட்டுக்கு இதையும் சேர்த்துதான் யோசிக்கணும்.)

சரி, எங்க கதைக்கு வரேன். நான் ஜனவரியில தனியா கிளம்பிட்டேன். வீட்டுக்காரர், பொண்ணு, சுண்டல் மூணு பேரும் ஏப்ரல்ல, பள்ளிக்கூடம் முடிஞ்சதும் வர்றதா முடிவு. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நாய் வர்ற தேதிக்கு முன்னாடி பின்னாடி அஞ்சு நாளுக்குள்ள அதோட உரிமையாளரும் பயணம் பண்ணணும். இல்லைன்னா அது வீட்டுப் பிராணி இல்லை, வணிக இறக்குமதின்னு ஆயிடும். நான்தான் உரிமையாளர்னு எழுதியிருந்தா ஜனவரியிலயே மாட்டியிருப்போம். அதனால எல்லாக் காகிதத்துலயும் உரிமையாளர் வீட்டுக்காரர். குடும்பமா ஒரே நாள் பறக்கணும்னு இல்லை. யார் கடைசியில வர்றாங்களோ, நாய் அவங்க பேர்ல இருக்கட்டும்.

மத்தச் சில்லறை விஷயங்களை வேகமாச் சொல்லிடுறேன். பிரிட்டனுக்கு விமானத்துல வர்ற நாய் மடியிலயும் வர முடியாது, லக்கேஜாவும் வர முடியாது. கார்கோ மட்டும்தான். பார்வையில்லாதவங்களுக்கு உதவுற நாய் மாதிரி பயிற்சி பெற்ற நாய்களுக்கு மட்டும் விலக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி நாய்க்கு நாடாப்புழு மருந்தை டாக்டர் கையால கொடுத்துச் சான்றிதழ்ல நேரத்தோட எழுதணும். இங்க இறங்குறதுக்கு 24 மணி நேரத்துக்குக் குறையாம, 120 மணி நேரத்துக்கு மிஞ்சாம. பூனைக்கு இது வேண்டாம். உடல்நலச் சான்றிதழ் வாங்கி 10 நாளுக்குள்ள இறங்கிடணும். நம்ம பக்கம் ஏற்றுமதிச் சான்றிதழ் சென்னை பள்ளிக்கரணையில இருக்குற மத்திய அரசோட விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்துல. குடிபெயர்ந்து வர்றோம்னு பிரிட்டன் வரித்துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பிச்சு ஒரு எண் வாங்கிடுங்க. இல்லைன்னா சொந்த நாய்க்கே இறக்குமதி வரி கட்டச் சொல்வாங்க. பிட்புல் வச்சிருக்கவங்க மேற்கொண்டு படிக்க வேண்டாம், இங்க அதுக்குத் தடை. எக்ஸெல் புல்லிக்கும் அதேதான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எதுவும் தடைப் பட்டியல்ல இல்லை.

செலவு? எங்க மூணு பேர் டிக்கெட்டையும் சேர்த்தாலும் சுண்டலோட செலவுதான் அதிகம். சொந்தக்காரங்க கிட்ட இந்தக் கணக்கைச் சொல்லிடாதீங்க.

மயக்க மருந்து பத்தி நிறைய பேர் கேட்டீங்க. "நீங்கதான் அனஸ்தடிஸ்ட் ஆச்சே, லேசா ஒண்ணு போட்டுத் தூங்க வச்சுக் கூட்டிட்டு வந்தீங்களா?"ன்னு. இல்லை. மயக்கம் கொடுத்துத்தான் சோறு திங்கிறேன், அதனாலயே சொல்றேன், கொடுக்காதீங்க. மயக்கம் கொடுத்தா பக்கத்துலயே நின்னு மூச்சையும் பிரஷரையும் பார்த்துக்கிட்டே இருக்கணும். கார்கோ அறையில சுண்டலுக்குப் பக்கத்துல நான் நிக்கப் போறதில்லை. மயக்கத்துல இருக்குற பிராணியை விமான நிறுவனங்கள் பெரும்பாலும் ஏத்துறதும் இல்லை. மருந்துக்குப் பதிலா கூண்டுப் பழக்கம்தான் வழி. ரெண்டு மூணு மாசம் கூண்டை வீட்டுக்குள்ள திறந்து வச்சு, அது தன் வீடுன்னு நாய் நம்புற வரைக்கும் பழக்கணும்.

எங்க வீட்டுல அதைப் பழக்கினது என் அப்பா.

அப்பாவைப் பத்திச் சொல்லாம இந்தத் திரெட்டை முடிச்சிருக்கலாம். பாதி எழுதி, அழிச்சு, திரும்பவும் எழுதுறேன்.

அப்பா பெல் கம்பெனியில ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா 2019-ல போயிட்டாங்க. அடுத்த வருஷம்தான் நான் சுண்டலைத் தூக்கிட்டு வந்தேன். பேர் எனக்குச் சொந்தம், நாய் அப்பாவுக்குச் சொந்தம். நான் டியூட்டி, வீட்டுக்காரர் காலேஜ், பொண்ணு ஸ்கூல். பகல் முழுக்க வீட்டுல இருந்தது அவங்க ரெண்டு பேரும், அம்மாவோட வயசான பூனை கிட்டுவும்தான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அப்பா செருப்பை மாட்டினா சுண்டல் வாசல்ல நிக்கும். நாச்சியார் கோயில் தெரு வரைக்கும் போய், டீக்கடையில ரெண்டு பேருக்கும் ஒரு பொறை பிஸ்கட், திரும்பி வருவாங்க.

கிட்டு திருச்சியிலேயே இருக்கட்டும்னு யாரும் பேசாமலேயே முடிவாயிடுச்சு. பதிமூணு வயசு, கிட்னி கொஞ்சம் வீக். அந்த வயசுல ஒரு பூனையைக் கூண்டுல அடைச்சுக் கண்டம் தாண்டி அனுப்புறது அதுக்குச் செய்யுற நல்லது இல்லை. உங்க வீட்டுலயும் அப்படி ஒரு கிழட்டு ஜீவன் இருந்தா, விட்டுட்டுப் போறதைக் குத்தமா நினைக்காதீங்க. பார்த்துக்க நல்ல ஆள் இருந்தா போதும்.

சுண்டல் விஷயம் அப்படி இல்லை. ஒருநாள் ராத்திரி அப்பா மெதுவா, "பாப்பா, இதை இங்கயே விட்டுட்டுப் போறீங்களா? எனக்கும் ஒரு துணையா இருக்கும்"னார். உள்ள இருந்து என் பொண்ணு அழுற சத்தம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அப்பாவுக்கு இதயத் துடிப்பு சீரா இல்லாத பிரச்சினை. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறார். சுண்டல் 22 கிலோ, பூனையைப் பார்த்தா இழுத்துட்டு ஓடும். "அப்பா, அது ஒரு இழுப்பு இழுத்து நீங்க விழுந்து தலையில அடிபட்டா, இந்த மாத்திரைக்கு மூளையில ரத்தம் கசிஞ்சா நிறுத்துறது கஷ்டம். நான் அங்க இருந்து வர ஒரு நாள் ஆகும்"னேன்.

மருத்துவ ரீதியா அதுல ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அப்படி அடிபட்டு வந்தவங்களை தியேட்டர்ல நானே படுக்க வச்சிருக்கேன். அப்பா கொஞ்ச நேரம் சுண்டலோட காதைத் தடவிட்டு, "நீ டாக்டரு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு எழுந்து போயிட்டார்.

இப்போ யோசிச்சா, நான் அவர்கிட்ட கேட்கவே இல்லை. சொன்னேன். நடக்கக் கூட்டிட்டுப் போக ஒரு பையனை மாசச் சம்பளத்துக்கு வச்சிருக்கலாம். அது எனக்கு அன்னிக்கே தெரியும். என் பொண்ணு அழுகையை நிறுத்தணும், அப்பாகிட்ட வாதாட வேண்டாம், அதுக்கு என் படிப்பு கையில இருந்துச்சு, எடுத்துப் போட்டேன்.

மறுநாள் காலையில அப்பா இஞ்ச் டேப்போட சுண்டல் பக்கத்துல உட்கார்ந்திருந்தார். விமானக் கூண்டுக்கு அளவு விதி இருக்கு: மூக்கு நுனியில இருந்து வால் அடி வரைக்கும் ஒரு அளவு, தரையில இருந்து முழங்கை வரைக்கும் ஒரு அளவு. முதல் அளவோட ரெண்டாவதுல பாதியைக் கூட்டினா கூண்டோட நீளம். தோள் அகலத்தை ரெண்டால பெருக்கினா கூண்டோட அகலம். நிமிர்ந்து நிக்குறப்போ தலை இடிக்கக் கூடாது. கிழிச்ச காலண்டர் தாளோட பின்பக்கத்துல, பெல்லுல வரைபடம் போட்ட மாதிரியே போட்டு, ஆசாரியைக் கூட்டிட்டு வந்து, பக்கத்துலயே நின்னு செய்ய வச்சார். காத்தோட்டத் துளைக்கு வைக்கிற கம்பி வலையோட முனை நாய் மூக்கைக் குத்தும்னு அரத்தால ஒவ்வொண்ணா மழுக்கினார். நான் கிளம்பின பிறகு தினமும் சாயங்காலம் தயிர்சோத்தைக் கூண்டுக்குள்ள வச்சு, கதவைச் சாத்தி, வெளிய நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். முதல் நாள் அஞ்சு நிமிஷம். மார்ச் கடைசியில நாலு மணி நேரம். வீட்டுக்காரர் வீடியோ எடுத்து அனுப்புவார். என்னால முழுசாப் பார்க்க முடியாது.

ஏப்ரல்ல தாம்பரம் சித்தி வீட்டுல ரெண்டு நாள் தங்கி, பள்ளிக்கரணை வேலையை முடிச்சு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கிளம்புற விடியற்காலை விமானத்துல ஏத்தினாங்க. அப்பா சென்னைக்கு வரல. உறையூர்லயே தன் துண்டு ஒண்ணைக் கூண்டுக்குள்ள விரிச்சுட்டு உள்ள போயிட்டாராம்.

ஹீத்ரோவுல விலங்கு வரவேற்பு மையம்னு ஒண்ணு இருக்கு. லண்டன் மாநகராட்சி நடத்துது. காகிதம் எல்லாம் பார்த்து, சிப் நம்பரை வாசிச்சுச் சரிபார்த்து விட சில மணி நேரம் ஆச்சு. எங்க வீட்டு 6-ம் 8-ம் ஞாபகம் வந்து எனக்குக் கை சில்லிட்டுப் போச்சு. வெளிய வந்த சுண்டல் என்னைப் பார்த்துக் குதிச்சுச்சு, வீட்டுக்காரரைப் பார்த்துக் குதிச்சுச்சு, பொண்ணு மேல விழுந்துச்சு. அப்புறம் எங்களுக்குப் பின்னாடி எட்டி எட்டிப் பார்த்துச்சு. ரெண்டு நாள் சாப்பிடல.

வீடு கிடைச்சது இன்னொரு கதை. ஆஸ்பத்திரிக் குடியிருப்புல நாய்க்கு அனுமதி இல்லை. வாடகை வீட்டு விளம்பரம் பத்துல எட்டு "பிராணிகள் வேண்டாம்"னு இருந்துச்சு. சுண்டல் பேர்ல ஒரு பயோடேட்டா எழுதி, ஊசி விவரம், போட்டோ எல்லாம் வச்சு அனுப்பி, ஒரு வீட்டுக்காரப் பாட்டி இரக்கப்பட்டதுலதான் வீடு கிடைச்சுது. இப்போ கொஞ்சம் பரவாயில்லை. 2025 அக்டோபர்ல சட்டமான வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, இங்கிலாந்துல நியாயமான காரணம் இல்லாம நாய், பூனைக்கு மறுக்க முடியாது. இந்த வருஷம் மே முதல் தேதியில இருந்து நடைமுறை.

விசா பக்கம் கேட்டவங்களுக்கும் உள்ளதைச் சொல்லிடுறேன். டாக்டர், நர்ஸுக்கு இருக்குற சுகாதார விசாவுல மருத்துவக் கூடுதல் கட்டணம் கிடையாது. மத்தத் துறை வேலைன்னா பெரியவங்க ஒருத்தருக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு முன்கூட்டியே கட்டணும், குடும்பத்துல ஆள் ஆளுக்குப் பெருக்கிக்கோங்க. முதியோர் பராமரிப்பு வேலைக்கு 2024 மார்ச்ல இருந்து குடும்பத்தைக் கூட்டிட்டு வர முடியாது. 2025 ஜூலைக்கு அப்புறம் அந்த வேலைக்கு வெளிநாட்டுல இருந்து புதுசா ஆள் எடுக்குறதே நின்னுடுச்சு. இன்னும் யாராவது "கேர் விசா இருக்கு, இத்தனை லட்சம்"னு விலை சொன்னா எழுந்து வந்துடுங்க. டாக்டர்களுக்கும் நான் வந்த நேரம் மாதிரி இப்போ இல்லை. பிளாப் முடிச்சுட்டு வேலைக்காக மாசக்கணக்குல காத்திருக்குற தம்பி தங்கைகளை எனக்கே தெரியும். கையில வேலை உறுதியாகாம வீட்டை வித்துட்டுக் கிளம்பாதீங்க. அஞ்சு வருஷத்துல நிரந்தர வசிப்புரிமைங்கிற கணக்கையும் மாத்தப் போறதா அரசாங்கம் சொல்லியிருக்கு.

இதுல யாரும் கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு. நாப்பது ஐம்பது மெசேஜ்ல "பூனைக்கு என்ன வழி, கிளிக்கு என்ன வழி"ன்னு கேட்டிருந்தீங்க. அம்மா அப்பாவுக்கு என்ன வழின்னு கேட்டது ரெண்டே பேர்.

வழி இல்லை. அதுதான் பதில். வயசான பெற்றோரைச் சார்ந்தவங்களா நிரந்தரமா கூட்டிட்டு வர்ற விதியை 2012-ல கடுமையாக்கிட்டாங்க. தினசரி வேலையைக்கூடத் தானா செய்ய முடியாத நிலையில இருக்கணும், நாம காசு அனுப்பினாலும் அந்தக் கவனிப்பு ஊர்ல கிடைக்காதுன்னு நிரூபிக்கணும். அதுவும் நாம இங்க நிரந்தர வசிப்புரிமை வாங்கின பிறகுதான். வேலை விசாவுல இருக்குற எனக்கு விண்ணப்பமே போட முடியாது. பார்வையாளர் விசாவுல ஒரு தடவைக்கு ஆறு மாசம் வரைக்கும் வந்துட்டுப் போகலாம், அவ்வளவுதான். சிப், ஊசி, ரத்தம், மூணு மாசம்னு சுண்டலுக்கு ஒரு பட்டியல் கொடுத்தாங்க, முடிச்சோம், வந்துடுச்சு. அப்பாவுக்குப் பட்டியலே கிடையாது. குடும்பமா கிளம்புறவங்க இந்த ஒரு உண்மையைக் கிளம்புறதுக்கு முன்னாடியே வீட்டுக் கூடத்துல உட்கார்ந்து, அவங்க முன்னாடியே, வாய் விட்டுப் பேசிடுங்க. நாங்க பேசல.

2024 நவம்பர்ல அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தார். பக்கத்துல நாயும் இல்லை, பேயும் இல்லை. மேல் வீட்டுத் தம்பிதான் ஆட்டோ வச்சுக் கூட்டிட்டுப் போனார். இங்க விடியற்காலை நாலு மணிக்கு வாட்ஸ்அப்புல சிடி ஸ்கேன் படத்தை ஒவ்வொண்ணா பெருசு பண்ணிப் பார்த்தேன். ரத்தக் கசிவு இல்லை. நெத்தியில நாலு தையல்.

போன வருஷம் ஜூன்ல மூணு மாசம் இங்க வந்திருந்தார். கிட்டுவை மேல் வீட்டுல விட்டுட்டு வந்தார். (அது இன்னும் இருக்கு, பதினாறு வயசு, அப்பாவைவிட ஒழுங்கா மாத்திரை சாப்பிடுது.) கதவைத் திறந்ததும் சுண்டல் பண்ணின அட்டகாசத்தை எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும். மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணி. அப்பா ஷூவை மாட்டிட்டு வாசல்ல நிக்குறார். சுண்டல் நிக்குது. நான் கழுத்துப் பட்டையை மாட்டிக் கயிறை அவர்கிட்ட நீட்டினேன்.

"வேண்டாம் பாப்பா, நீயே பிடி. இழுத்துடும்னு சொன்னியே."

சொல்லிக் காட்டல. அவர் குரல்ல அப்படி எதுவும் இல்லை. நான் சொன்னதை மாத்திரை மாதிரி ரெண்டரை வருஷமா ஒழுங்காக் கடைப்பிடிச்சிருக்கார், அவ்வளவுதான்.

கயிறை அவர் கையில சுத்திவிட்டேன். நானும் கூடவே போனேன். பூங்கா மூலையில அணில் ஒண்ணு குறுக்க ஓடுச்சு. சுண்டல் இழுத்துச்சு. நல்லாவே இழுத்துச்சு. அப்பா தடுமாறி என் தோளைப் பிடிச்சுக்கிட்டார், சிரிச்சார். அந்த மூணு மாசமும் தினமும் அஞ்சு மணிக்கு மூணு பேரும் போனோம். நைட் டியூட்டி முடிச்சுத் தூங்குற நாள்ல என் பொண்ணு போவா.

இந்த வருஷமும் ஜூன்ல வர்றார். விசா கைவசம் இருக்கு, டிக்கெட் பார்த்துக்கிட்டு இருக்கோம்.

சரி மக்களே, எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு. ரத்தப் பரிசோதனை ஆய்வகம் பத்திக் கேட்டவங்க கமெண்ட்ல உங்க ஊரைப் போடுங்க, நாளைக்கு லீவு, உட்கார்ந்து பதில் போடுறேன். இன்னும் சிப் போடாதவங்க அதுக்குள்ள போய்ப் போட்டுட்டு வந்துடுங்க.